எட்டுக் குமிழ் அகலத்தில் ஒரு மொரிஸ் மைனர்: குறை சொல்லலாமா?

வெள்ளவத்தை மைனர் (செவ்வாய், இரவு 9.10)
என் அப்பப்பாவிடம் 1957ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் கார் ஒன்று இருந்தது. சாவகச்சேரி வளவில் மாமரத்தின் கீழ் நிற்கும். அதை லெகோக் கட்டைகளில் கட்டி நேற்று முடித்தேன். மூன்று மாதம் பிடித்தது. கட்டையின் மேலுள்ள குமிழ்களால் அளந்தால் அகலம் 8 குமிழ், நீளம் 18, முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே 10, நிலத்திலிருந்து கூரை வரை 15 தகடு (மெல்லிய கட்டை). முன்கண்ணாடியை நடுவில் பிரித்து இரண்டு துண்டாக வைத்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். கட்டைகளில் பாதி பழைய பெட்டிகளைக் கலைத்து எடுத்தவை. மீதி புறக்கோட்டையில் பெயரில்லாப் பெட்டியில் வாங்கியவை. படங்கள் ஐந்து. மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைக் கட்டை (9.32)
வடிவாக இருக்கிறது தம்பி. பின்பக்கத்து வளைவைப் பார்த்தவுடனேயே மைனர் என்று தெரிந்துவிட்டது. மகளிடமும் காட்டினேன். "தாத்தா கார்" என்றாள்.

எட்டாம் குமிழ் (10.05)
வடிவு இருக்கலாம் அக்கா. வடிவம் இல்லை. மனதில் பட்டதைச் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீற்றர். ஆகவே உங்கள் கார் 64 மில்லிமீற்றர் அகலம். உண்மையான மைனரின் அகலம் ஏறக்குறைய 1.55 மீற்றர். வகுத்தால் 1:24 அளவு வருகிறது. அந்த அளவில் நீளம் 19 குமிழுக்கு மேல் வரவேண்டும், நீங்கள் 18இல் நிறுத்திவிட்டீர்கள். சில்லுகளுக்கு இடையே 11 குமிழும் சொச்சமும் வேண்டும், உங்களிடம் 10. இவற்றைக்கூட மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது உயரம். மைனரின் உயரம் 1.52 மீற்றர், அதாவது அகலமும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. எதிரே நின்று பார்த்தால் சதுரத்துக்குள் அடங்கும் கார் அது. தகடு ஒன்று 3.2 மில்லிமீற்றர், உங்கள் 15 தகடு 48 மில்லிமீற்றர். வரவேண்டியது 63. ஐந்து தகடு குறைகிறது! மைனரை யாரோ மேலிருந்து அமுக்கிவிட்டார்கள்.

காரணமும் தெரிகிறது. நீங்கள் கலைத்தவை லெகோவின் ஸ்பீட் சாம்பியன்ஸ் பெட்டிகள். பந்தயக் காருக்காகச் செய்த சரிவுக் கட்டைகள் எல்லாம் தாழ்வாகத்தான் இருக்கும். கையில் இருந்த கட்டை சொன்னபடி நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், கட்டை நீங்கள் சொன்னபடி கேட்கவில்லை.

பஞ்சிகாவத்தைப் பல்சக்கரம் (10.21)
நீளமும் உயரமும் கிடக்கட்டும். ஸ்டியரிங் திரும்புமா? கதவு திறக்குமா? பொனட்டைத் தூக்கினால் உள்ளே ஏதாவது இருக்கிறதா?

வெள்ளவத்தை மைனர் (10.24)
கதவு திறக்காது. ஸ்டியரிங் திரும்பாது. பொனட்டுக்குள் இரண்டு சிவப்புக் கட்டை இருக்கிறது.

பஞ்சிகாவத்தைப் பல்சக்கரம் (10.30)
அப்படியானால் இது கார் அல்ல, கார் வடிவில் ஒரு காகிதப்பாரம். லெகோவின் அருமையே ஒன்றை இழுத்தால் இன்னொன்று அசைவதில்தான் இருக்கிறது. 2018இல் லெகோவின் டெக்னிக் வரிசைத் துண்டுகளால், பல்சக்கரமும் அச்சும் உள்ளவற்றால், முழு அளவு புகாட்டி சிரோன் கார் ஒன்று கட்டினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள், 2304 சிறு மோட்டார்கள், ஒன்றரைத் தொன் எடை. மனிதர் உள்ளே உட்கார்ந்து ஓட்டினார். மைனரில் இருந்தது பல்சட்டத்தால் திரும்பும் ஸ்டியரிங், அந்தக் காலத்துச் சின்னக் கார்களில் பெருமைப்படக்கூடிய விஷயம். அதை விட்டுவிட்டு மைனர் கட்டினேன் என்பது உப்பில்லாத சம்பல்.

எட்டாம் குமிழ் (10.41)
அந்த சிரோன் மணிக்கு 20 கிலோமீற்றர் சொச்சம் ஓடியது. காலி வீதியில் முச்சக்கர வண்டி அதற்கு ஹோர்ன் அடித்துக்கொண்டு முந்தும்.

உள்ளே அசைவதுதான் பெரிது என்கிறீர்கள். 2016இல் வந்த டெக்னிக் போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் ஞாபகம் இருக்கிறதா? 2704 துண்டு, 1:8 அளவு. கியர்ப்பெட்டிக்காகவே வாங்கினார்கள். கட்டிப் பார்த்தவர்கள் கண்டுபிடித்தது, கியர் ஒன்று, மூன்று, இரண்டு, நான்கு என்ற வரிசையில் மாறுகிறது. உடலை மூடியபின் அந்தக் கியர்ப்பெட்டி கண்ணுக்கே தெரியாது. தெரியாத இடத்துக்காக இவ்வளவு பல்சக்கரம், அதுவும் வரிசை பிசகி! மறுபக்கம், 2014இல் வந்த மினி கூப்பர் 1077 துண்டு, ஸ்டியரிங் அசையாது. ஆனால் கூரையைக் கழற்றி உள்ளே பார்த்தால் ஆசனம் முதல் எல்லாம் மினிதான். அந்த மினியையும் இந்த மைனரையும் வரைந்தவர் ஒரே மனிதர், அலெக் இசிகோனிஸ். எது அவருக்கு மரியாதை?

பஞ்சிகாவத்தைப் பல்சக்கரம் (10.58)
போர்ஷேயின் வரிசை பிசகியதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? உள்ளே உண்மையான பொறி இருந்ததால். சிவப்புக் கட்டை இரண்டில் பிசகு கண்டுபிடிக்க முடியுமா? பிழைவிட இடமிருக்கும் பொருளைத்தான் விமர்சிக்க முடியும். உங்கள் மினி பொம்மை வீடு, சில்லு வைத்த பொம்மை வீடு.

கொட்டாஞ்சேனைக் கட்டை (11.15)
இரண்டு பேரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்தத் தம்பி அப்பப்பாவின் கார் என்றுதான் தொடங்கினார். 90களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது இந்த மைனர்களும் ஒஸ்ரின் ஏ40 கார்களும் பெற்றோல் துளியில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடியதைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்தக் கார்களுக்கு எந்த அளவு சரியாக இருந்தது? ஒன்றின் கதவு இன்னொன்றில், லொறியின் விளக்கு முன்னால். அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்திருந்தால் யாழ்ப்பாணத்தில் ஒரு மைனரும் மைனராகத் தேறியிருக்காது. ஞாபகத்தைக் கட்டும்போது 15 தகடா 20 தகடா என்று கேட்பது எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்று. பெயரில்லாக் கட்டை பற்றி யாராவது முகம் சுளிக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். கட்டையின் காப்புரிமை 1958இல் பதிந்தது, எப்போதோ காலாவதி. அந்த வடிவத்தை வணிகச் சின்னமாகப் பூட்டிவைக்கப் பார்த்தபோது 2010இல் ஐரோப்பிய நீதிமன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது. யாரும் வார்க்கலாம், யாரும் வாங்கலாம்.

எட்டாம் குமிழ் (11.29)
கட்டையை வார்ப்பது வேறு, இன்னொருவர் யோசித்த முழுப் பெட்டியையும் படத்தோடு நகலெடுப்பது வேறு. 2019இல் லெகோ பெட்டிகளை நகலெடுத்த லெப்பின் என்ற சீன நிறுவனத்தின் தொழிற்கூடத்துக்குள் ஷாங்காய் பொலிஸ் புகுந்தது இரண்டாவதற்காக. தம்பி செய்தது முதலாவது. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் மூன்றாம் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடப்பக்க மட்கார்டில் இரண்டு பச்சை. ஒன்று இலைப்பச்சை, ஒன்று பாசிப்பச்சை. கதவுக்கு மேலே கட்டைகளின் நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிகிறது. பிடி தளர்ந்த கட்டை வெள்ளவத்தைப் பக்கம் ரயில் போகும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இறங்கும். இது ஞாபகத்தின் குறை அல்ல அக்கா, பிளாஸ்டிக்கின் குறை.

ஞாபகம் என்பதற்கும் என்னிடம் பதில் உண்டு. உயரமான, கொஞ்சம் கூன் விழுந்த, நல்ல மனிதரைப் போன்ற கார் அது. இந்தப் படத்தில் நிற்பது அவசரக்காரன். அப்பப்பாவைக் குள்ளமாக வரைந்தால் "பாசத்தோடு வரைந்தேன்" என்பது போதுமா?

வெள்ளவத்தை மைனர் (11.40)
இந்த வரி சுட்டது. ஆனால் சரி. இரவு படத்தை மறுபடி பார்த்தேன், உயரம் போதாதுதான். பச்சை இரண்டும் பகல் வெளிச்சத்தில்தான் பிரிந்து தெரிகிறது, நான் கட்டியது முழுக்க இரவில்.

பஞ்சிகாவத்தைப் பல்சக்கரம் (11.44)
உயரத்தைக் கூட்டும்போது முன்சில்லுக்கு மேலே இரண்டு தகடு இடம் விடுங்கள். ஸ்டியரிங் பிறகு வைக்கலாம். இப்போது வேண்டாம் என்றாலும் இடமாவது இருக்கட்டும்.

எட்டாம் குமிழ் (புதன், காலை 6.50)
இரவு படுத்தபின் ஒரு விஷயம் தோன்றியது. பொனட்டைத் தட்டையாக மூடியிருக்கிறீர்கள். மைனரின் பொனட் நடுவே முழு நீளத்துக்கும் ஒரு தட்டைப் பட்டி ஓடும். அது அலங்காரம் அல்ல. முதல் மாதிரிக் கார் ஒடுங்கலாகத் தெரிகிறது என்று இசிகோனிஸ் அதை நடுவால் நெடுக வெட்டச் சொல்லி, இரண்டு பாதியையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, நான்கு அங்குல இடைவெளியில் "போதும்" என்றார். 1948இல் விற்பனைக்கு வந்தபோதும் அந்த ஒட்டு மறையவில்லை. முன்கூட்டியே செய்துவைத்த பம்பர்களைக்கூட நடுவில் வெட்டி ஒட்டுத்துண்டு வைத்தார்கள்.

நான்கு அங்குலம் நம் அளவில் 4.2 மில்லிமீற்றர். பக்கவாட்டில் நிறுத்திய ஒரு தகடு 3.2. ஆகவே பொனட்டைப் படுக்கவைத்துக் கட்டாமல் பக்கவாட்டில் கட்டுங்கள். நடுவில் ஒரு தகடு, இரு பக்கமும் நான்கு நான்கு. மொத்தம் ஒன்பது தகடு, 28.8 மில்லிமீற்றர்.

பஞ்சிகாவத்தைப் பல்சக்கரம் (7.15)
பொனட்டுக்கு அவர் விட்ட இடம் நான்கு குமிழ், 32 மில்லிமீற்றர். உங்கள் கணக்கில் பக்கத்துக்கு 1.6 மில்லிமீற்றர் ஓட்டை விழும். அளவு அளவு என்றீர்களே?

எட்டாம் குமிழ் (7.22)
விழட்டும். பொனட்டும் மட்கார்டும் சேரும் இடத்தில் மைனருக்கு ஒரு பள்ளம் உண்டு. அந்த ஓட்டை அதுவாகத் தெரியும்.

பஞ்சிகாவத்தைப் பல்சக்கரம் (7.25)
இதை ஒத்துக்கொள்கிறேன். மற்றதை அல்ல.

எட்டாம் குமிழ் (7.31)
நன்றி. கடைசியாக ஒன்று. 1957 என்கிறீர்கள், முன்கண்ணாடியோ இரண்டு துண்டு. 1956இல் மைனர் 1000 வந்ததோடு நடுக்கம்பி போய்விட்டது, ஒரே வளைந்த கண்ணாடி. ஒன்றில் ஆண்டு பிழை, அல்லது கண்ணாடி பிழை. திரும்பும் பக்கத்தைக் காட்டக் கதவுத்தூணில் நிமிரும் கைகாட்டி மட்டும் 1957க்குச் சரி, ஆனால் அதை நீங்கள் வைக்கவில்லை.

வெள்ளவத்தை மைனர் (7.48)
இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பின் ஆசனத்தில் நடுவில் நின்றுகொண்டு பார்த்தால் றோட்டை இரண்டாகப் பிரிக்கும் ஒரு கோடு இருந்தது. எனக்கு ஆறு வயது. கண் மூடினால் இப்போதும் தெரிகிறது.

கொட்டாஞ்சேனைக் கட்டை (8.02)
பழைய உடலை 57இல் பதிந்திருக்கலாமே? இலக்கத்தகட்டைப் பார்த்தால் தெரியும். ஆனால் தயவுசெய்து தகட்டில் சிங்கள ஶ்ரீ எழுத்தா ஆங்கில எழுத்தா என்று இங்கே யாரும் தொடங்கிவிடாதீர்கள். 1957இல் பட்டது போதும்.

வெள்ளவத்தை மைனர் (புதன், இரவு 8.35)
அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அரை மணி நேரம் கதைத்தார், பெரும்பாலும் காபரேட்டரைப் பற்றி. கண்ணாடி ஒன்றுதானாம். நான் பார்த்த கோடு வெடிப்பு. ஒரு மாம்பழம் விழுந்து மேலிருந்து கீழே கீறியிருக்கிறது. தடைக்காலத்தில் புதுக் கண்ணாடிக்கு எங்கே போவது? ஐந்து வருடம் அப்படியே ஓடியிருக்கிறார்கள். அப்பப்பா சவர்க்காரத்தைத் தேய்த்து மழைநீர் உள்ளே வராமல் அடைப்பாராம்.

ஆகவே நடுக்கம்பியைக் கழற்றுகிறேன். உயரம் 20 தகடு ஆக்குகிறேன், பொனட்டையும் பக்கவாட்டில் கட்டுகிறேன். பச்சை முழுவதும் ஒரே பெட்டியிலிருந்து. கேள்வி ஒன்றுதான். ஒளிபுகும் கண்ணாடித் துண்டில் வெடிப்பை எப்படிக் காட்டுவது? ஊசியால் கீறலாமா?

எட்டாம் குமிழ் (8.41)
கட்டையைக் கீறுவதா? வெட்டுவது, ஒட்டுவது, கீறுவது மூன்றும் ஆகாது. ஒளிபுகும் தகடுகளைப் பக்கவாட்டில் அடுக்குங்கள். சேரும் இடத்தில் தானாகவே ஒரு கோடு விழும்.

பஞ்சிகாவத்தைப் பல்சக்கரம் (8.44)
அது நேர்க்கோடு. மாம்பழம் நேராகக் கீறாது. ஊசியை எடுங்கள் தம்பி.

கொட்டாஞ்சேனைக் கட்டை (8.50)
அந்த மாமரமும் வேண்டும். இலைப்பச்சையும் பாசிப்பச்சையும் இரண்டும் அங்கே செலவாகும்.