முத்தையன்கட்டு வயலுக்கு மேட்டூர் அணைத் தண்ணீர்: ஒப்படையை இனி எப்படிக் கொடுப்பது?

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

வணக்கம். இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் 9 ஆம் தரத்துக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். போன தவணை "எங்கள் ஊரில் நெற்செய்கை" என்று ஓர் ஒப்படை கொடுத்தேன். ஒரு பெடியன் நான்கு பக்கம் எழுதி வந்தான். உபதலைப்புகள், அடிக்கோடுகள், ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. இரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வசனம்: "ஜூன் 12 ஆம் திகதி மேட்டூர் அணை திறக்கப்பட்டதும் எங்கள் ஊர் விவசாயிகள் குறுவைச் சாகுபடியைத் தொடங்குவார்கள்."

மேட்டூர் அணை இருப்பது தமிழ்நாட்டில். இவனுடைய தகப்பன் வயல் செய்வது எங்கள் முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே. கோடையில் குளத்துத் தண்ணீரில் செய்யும் சிறுபோகத்தில் இரவு இரவாகத் தகப்பனோடு தண்ணீர் கட்டப் போய்விட்டு, அடுத்த நாள் முதலாம் பாடத்தில் தூங்கி விழுகிறவன் இவன். எந்த வாய்க்காலில் எந்த மடையை எப்போது வெட்ட வேண்டும் என்று என்னைவிட அவனுக்குத்தான் தெரியும்.

கூப்பிட்டுக் கேட்டேன். "போன் அப்படித்தான் சொன்னது ரீச்சர்" என்றான்.

"உங்கட வயலுக்கு எங்கேயிருந்து தண்ணி வருது?"

"குளத்திலயிருந்து."

"அப்ப ஏன் அதை எழுதேல்லை?"

"அது பாடமோ ரீச்சர்?"

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குப் பதில் வரவில்லை. அவன் போனைப் பார்த்து எழுதினான் என்பது எனக்குப் பெரிய கோபம் இல்லை. தனக்குத் தெரிந்தது பாடம் இல்லை என்று ஒன்பது வருடமாக நாங்கள்தான் அவனுக்குப் பழக்கியிருக்கிறோம். பாடம் என்றால் பலகையில் எழுதியது, கொப்பியில் பார்த்து எழுதுவது. இப்போது பலகையின் இடத்தில் போன் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆசிரியர் கூட்டத்தில் இதைக் கதைத்தோம். ஒரு பகுதியினர் ஒப்படையே வேண்டாம், எல்லாவற்றையும் வகுப்பில் வைத்து எழுதுவிப்போம் என்கிறார்கள். மற்றப் பகுதியினர் காலத்தோடு ஒத்துப்போக வேண்டும், இன்னும் இரண்டு வகுப்புக்கு ஸ்மார்ட் போர்ட் கேட்போம் என்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் ஒன்று வாங்கித் தந்திருக்கிறார்கள். அதில் என்ன நடக்கிறது தெரியுமா? பாடப்புத்தகத்தின் பிடிஎஃப்பைப் போட்டுவிட, அதே புத்தகத்தை மேசையில் வைத்துக்கொண்டே பிள்ளைகள் திரையைப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறார்கள்.

போன் கையில் இருக்கும் பிள்ளைக்கு என்ன கேள்வி கொடுக்கிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வலதுகரையான்:

ரீச்சர், நான் படிப்பித்தவன் இல்லை, பிள்ளையைப் படிக்க விட்டவன். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடினார்கள். பிறகு சூமில் வகுப்பு, வாட்ஸ்அப்பில் பயிற்சி, போன் இல்லாத பிள்ளை பின்னுக்கு நின்றுவிடும் என்றார்கள். மனிசியின் தோட்டை அடைவு வைத்துத்தான் போன் எடுத்தேன். வீட்டுக்குள் கவரேஜ் இல்லை. பிள்ளைகள் குளக்கட்டில் ஏறி, குடையைப் பிடித்துக்கொண்டு இருந்து படித்தார்கள். யானை வருகிற பக்கம் என்பதால் பொழுதுபட்டால் நானும் கூடப் போய் நிற்பேன். டேட்டா காட் வேறு.

இப்போது பெற்றோர் கூட்டத்தில், போனைப் பிள்ளையின் கையில் ஏன் கொடுத்தீர்கள் என்று எங்களைக் கேட்கிறார்கள். வாங்கச் சொன்னதும் பள்ளிக்கூடம், பறிக்கச் சொல்வதும் பள்ளிக்கூடம். தோடு இன்னும் மீளவில்லை.

அந்தப் பெடியன் வயலை எழுதவில்லை என்று கவலைப்படுகிறீர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், வயலை எழுதியிருந்தால் எத்தனை புள்ளி போட்டிருப்பீர்கள்?

கடைசி வாங்கு:

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? அவுஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எல்லாம் தடை. இங்கேயும் அப்படிச் சட்டம் போட்டால் பிள்ளைகள் தானாகப் படிப்பார்கள்.

கணினி அறைத் திறப்பு:

கடைசி வாங்குக்கு முதலில்: அவுஸ்திரேலியாவில் தடுத்தது சமூக ஊடகக் கணக்குகளை. டிக்டொக், இன்ஸ்டகிராம் போன்றவை. போனையோ தேடலையோ இல்லை. மேட்டூர் அணை அந்தச் சட்டத்துக்குள் வராது.

நான் வவுனியா பக்கம் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். கையில் போனோடு பிறந்த பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும் என்ற கதையை நம்பாதீர்கள். 2001 இல் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கர் இவர்களை டிஜிட்டல் உலகின் சுதேசிகள் என்று எழுதினார், உலகம் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. என் வகுப்புக்கு வந்து பாருங்கள். வீடியோவை வெட்டி, பாட்டுச் சேர்த்து, எழுத்து ஓடவிட்டு ஐந்து நிமிடத்தில் முடிக்கிற பிள்ளைக்கு, கணினியில் சேமித்த கோப்பு எங்கே போனது என்று தெரியாது. மின்னஞ்சலில் ஒன்றை இணைத்து அனுப்பச் சொன்னால் திரையைப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். தேடினால் முதலாவதாக வருவதுதான் விடை. இரண்டாவதைத் திறந்து பார்க்கிற பிள்ளையை நான் காண்பது அருமை.

இன்னொன்று. சாதாரண தரப் பரீட்சைக்கு என் பாடமும் விவசாயமும் ஒரே தொகுதிக்குள். 10 ஆம் தரத்துக்குப் போகும்போது, விவசாயமா கணினியா, ஒன்றை எடு என்கிறோம். வன்னியில் ஒரு கமக்காரனின் பிள்ளைக்கு இரண்டும் அல்லவா வேண்டும்! விலை பார்க்க, மழை பார்க்க, மருந்துப் போத்தலில் உள்ளதை வாசிக்க. இதை எந்தக் கூட்டத்தில் சொன்னாலும் சிரிக்கிறார்கள்.

எங்கள் கணினி அறையைப் பற்றிக் கேட்காதீர்கள். 2022 மின்வெட்டோடு யூபிஎஸ் பற்றரிகள் செத்தன, இன்னும் மாற்றவில்லை. மற்றப்படி அறை மிகவும் துப்புரவு. பூட்டியே இருந்தால் தூசி எங்கே வரும்?

ஓய்வுபெற்ற அதிபர்:

பிள்ளை, உங்கள் கேள்வி நல்லது. ஆனால் போன் வந்து கெடுத்த கதை இது இல்லை.

தொண்ணூறுகளில் இங்கே மின்சாரம் இல்லை, யுத்தகாலத் தடையால் பற்றரி வரவிடமாட்டார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோக் கேட்ட காலம். மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்க ஜாம்போத்தல் விளக்கு. அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? யாழ்ப்பாணத்து டியூசன் மாஸ்டர் ஒருவரின் நோட்ஸ் கொப்பி எப்படியோ வந்து சேரும். அதைப் பத்துப் பேர் முறைவைத்து இரவிரவாகப் பார்த்து எழுதினார்கள். பாடமாக்கினார்கள். சோதனையில் கொட்டினார்கள். நல்ல பெறுபேறு வந்தது, நாங்களும் மாலை போட்டோம். நோட்ஸை எழுதியவர் சொன்னது சரியா என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, நானும் கேட்கச் சொன்னதில்லை. இன்றைக்கு அதே நோட்ஸ் கெதியாக வருகிறது, மாஸ்டரின் பெயர் இல்லாமல் வருகிறது.

தரம் 5 புலமைப்பரிசிலுக்கு மூன்றாம் வகுப்பிலிருந்தே கடந்தகால வினாத்தாள் செய்விக்கிறோம். பத்து வயதுக்குள் ஒரு பிள்ளை படித்துக்கொள்வது, எந்தக் கேள்விக்கும் எங்கோ ஒரு விடை எழுதி வைத்திருக்கிறது, அதைக் கெதியாக எடுக்கிறவன் கெட்டிக்காரன் என்பதைத்தான். அப்படி வளர்த்த பிள்ளை போனைத் தட்டாமல் வேறு என்ன செய்யும்? இப்போது சீர்திருத்தம், மொடியூல் என்கிறார்கள். வரட்டும். வினாத்தாளைப் பார்த்த பிறகு கருத்துச் சொல்கிறேன்.

வலதுகரைத் தம்பி கேட்டது முக்கியம். புள்ளித் திட்டத்தை மாற்றாமல் கேள்வியை மட்டும் மாற்றினால் பிள்ளைகள் உங்களை நம்பமாட்டார்கள்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. வலதுகரை அண்ணை, உங்கள் கேள்வி இரண்டு நாள் தலைக்குள் நின்றது. பிறகு ஒன்று செய்து பார்த்தேன்.

அந்த ஒப்படையைப் பெயரை எடுத்துவிட்டு ஸ்மார்ட் போர்ட்டில் போட்டேன். "இதில் எங்கள் ஊருக்குப் பொருந்தாததைச் சிவப்புப் பேனையால் வெட்டுங்கள். ஏன் வெட்டினீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். அந்த ஏனுக்குத்தான் புள்ளி" என்றேன். முதலில் ஒரு சத்தமும் இல்லை. வெட்டலாமா என்று ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். பிறகு பின்வாங்கில் ஒரு பிள்ளை "அணை இல்லை ரீச்சர், எங்களுக்குத் துருசு" என்றாள். குளத்திலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கிற மதகைத்தான் சொல்கிறாள். அவ்வளவுதான், வகுப்பு சந்தையாகிவிட்டது. எங்களுக்குப் பெரிய செய்கை மாரி மழையோடு வருகிற காலபோகம், ஜூனில் தொடங்குவதில்லை என்று ஒருவன். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பது குளத்தில் மிஞ்சிய தண்ணீரைப் பார்த்துக் கூட்டத்தில் முடிவாகிறது என்று இன்னொருவன். வாய்க்காலின் கடைக்காணிக்குத் தண்ணீர் வருமா வராதா என்பதில் இரண்டு பேர் அடிபடப் பார்த்தார்கள்.

தெரியாததும் தெரிந்தது. குளத்துக்குத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டால் "மழையால்" என்கிறார்கள். பேராறு என்று ஒருவரும் சொல்லவில்லை. அங்கேதான் போனை எடுத்தேன். கூகுள் வரைபடத்தில் குளத்திலிருந்து ஆற்றை மேலே மேலே பிடித்துக்கொண்டு காட்டுக்குள் போனோம். தலை முட்ட முட்டப் பார்த்தார்கள். பிறகு அதே கேள்வியை முத்தையன்கட்டு என்று பெயர் சொல்லிப் போனிடம் கேட்கச் செய்தேன். முதல் பதிலைவிட எவ்வளவோ திறம். ஆனால் குளத்தைத் தூக்கிக் கிளிநொச்சி மாவட்டத்தில் வைத்துவிட்டது. பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எல்லாம் வாய்த்தது என்று சொல்லமாட்டேன். பாடத்திட்டத்தில் பின்னுக்கு நிற்கிறேன், அதிபருக்கு முகம் சரியில்லை. வெட்டத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஏன் என்று இரண்டு வசனம் எழுத வரவில்லை. அடுத்த தவணை வேலை அதுதான்.

அதிபர் சேர், புள்ளியில் பாதியை வீட்டில் கேட்டும் நேரில் பார்த்தும் எழுதியதற்கு ஒதுக்கியிருக்கிறேன். யாரிடம் கேட்டது என்பதையும் எழுத வேண்டும். அண்ணை, பிள்ளைகள் உங்களிடம் வந்தால் துரத்தாதீர்கள்.

வலதுகரையான்:

ஏன் துரத்துகிறேன்? சிறுபோகக் கூட்டம் முடிந்து தண்ணீர் திறக்கிற நாள் தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன். துருசு திறக்கிறவரிடமும் சொல்லி வைக்கிறேன். பிள்ளைகளைக் காலமையே கூட்டி வாருங்கள், பத்து மணிக்குப் பிறகு வெயிலுக்குக் குளக்கட்டில் நிற்க ஏலாது. அந்தப் பெடியனின் தகப்பனையும் எனக்குத் தெரியும், மண்வெட்டியோடு வரச் சொல்கிறேன்.