சுண்டெலி விழித்திரை ஈஆர்ஜி: பேரியம் சேர்த்தால் கரைசல் கலங்குகிறது, பி அலை இறங்குவது சேர்மத்தாலா?

கெண்ட்ரிட்ஜ் மாணவி:
விழித்திரையைத் தனியே பிரித்து ஏம்ஸ் கரைசலில் (விழித்திரையை உயிரோடு வைக்கும் உப்புக் கரைசல்) ஈஆர்ஜி (ஒளிக்கு விழித்திரை தரும் மின்பதில்) எடுக்கிறேன். ஆன் பைபோலார் செல்களை (ஒளி வந்ததும் பதில் தருபவை) தடுக்கும் எல்-ஏபி4 20 மைக்ரோமோலார் விட்டதும் அவற்றிலிருந்து வரும் பி அலை போய்விடுகிறது, ஒளியுணர் செல்களின் ஏ அலை அப்படியே இருக்கிறது, அதுவரை சரி. அடுத்து, மியூலர் செல்களிலிருந்து (விழித்திரையின் துணைச் செல்கள்) வரும் மெதுவான சரிவை நீக்க பேரியம் குளோரைடு 100 மைக்ரோமோலார் சேர்த்தால் பாட்டில் லேசாகப் பால் போல் கலங்குகிறது. சரிவும் போகவில்லை.

இன்னொன்று. நாங்கள் சோதிக்கும் சேர்மம் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில்தான் கரைகிறது. அதை விட்டதும் பி அலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது, ஏ அலை குறையவில்லை. சேர்மத்தின் வேலை என்று எழுதிவிடலாமா?

உப்புக்கரைசல்:
தங்கச்சி, கலங்கல் பேரியம் சல்பேட். ஏம்ஸில் மெக்னீசியம் சல்பேட் 1.2 மில்லிமோலார் இருக்கிறது. அவ்வளவு சல்பேட்டில் படிந்ததுபோக, கரைந்து நிற்கும் பேரியம் ஓரிரு மைக்ரோமோலாரைத் தாண்டாது. மியூலர் செல்லின் கேஐஆர்4.1 பொட்டாசியம் வாய்க்காலை அடைக்க அது போதாது. ரெடிமேட் ஏம்ஸ் பொடியிலிருந்து சல்பேட்டை எடுக்க வழியில்லை. உப்புகளைத் தனித்தனியே நிறுத்துக் கலக்குங்கள். மெக்னீசியம் சல்பேட்டுக்குப் பதில் அதே அளவு மெக்னீசியம் குளோரைடு, பாஸ்பேட்டையும் விட்டுவிடுங்கள். வாயு ஏற்றி பிஎச் 7.4க்கு வந்த பிறகு, கடைசியாகப் பேரியம். முதலிலேயே போட்டால் பிஎச் ஏறியிருக்கும்போது கார்பனேட்டாகவும் படியும். ஏற்கெனவே கலங்கிய கரைசல் ஓடிய குழாயையும் மின்முனைத் துளையையும் கழுவுங்கள், மாவு அடைத்திருக்கும். பேரியம் நஞ்சு, சிங்க்கில் ஊற்றாமல் கழிவு பாட்டிலில் சேருங்கள்.

ஏபி4 புட்டியையும் ஒருமுறை பாருங்கள். டிஎல் (டி, எல் வடிவங்கள் பாதிப் பாதி) என்று இருந்தால் பாதிதான் வேலை செய்யும், 40 போட வேண்டும்.

இருட்டறை:
இரண்டாவது கேள்விக்கு: இன்னும் எழுதாதீர்கள். பிரித்தெடுத்த விழித்திரையில் பி அலை தானாகவே தேயும். ஒரே பிளாஷை 2 நிமிடத்துக்கு ஒருமுறை கொடுத்து, குறைந்தது 20 நிமிடம் அளவு மாறாமல் நின்ற பிறகே மருந்துக்கு மாற்றுங்கள். அப்படி நிலைக்காத விழித்திரையைத் தள்ளிவிடுங்கள். விழித்திரைக்குப் பின்னாலுள்ள பிக்மென்ட் எபிதீலியம் இல்லாததால், வெளுத்த ரோடாப்சின் (ஒளியை வாங்கும் நிறமி) திரும்ப வராது. பலமான பிளாஷைக் கடைசிக்கு வையுங்கள்.

ஒப்பீட்டுக்கு வெறும் ஏம்ஸ் போதாது, அதே அளவு டிஎம்எஸ்ஓ கலந்த ஏம்ஸ் வேண்டும். 10 மில்லிமோலார் ஸ்டாக்கிலிருந்து 10 மைக்ரோமோலார் எடுத்தால் டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதம் வரும். அதுவே ஆஸ்மோலாரிட்டியை (கரைபொருள் செறிவை) சுமார் 14 மில்லிஆஸ்மோலார் கூட்டும். அதற்கு மேல் போகாதீர்கள். மருந்து பாட்டிலிலும் 95/5 வாயு (ஆக்சிஜன் 95, கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதம்) குமிழ்கிறதா? இல்லையென்றால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறும். பிறகு நீங்கள் பார்ப்பது மருந்தை அல்ல, காரத்தை.

கெண்ட்ரிட்ஜ் மாணவி:
மருந்து பாட்டிலில் குமிழ் இல்லை. சிரிஞ்சிலிருந்து நேரே போகிறது, சிலிக்கோன் குழாய்.

இருட்டறை:
சிலிக்கோன் வேண்டாம், எண்ணெய்த் தன்மையுள்ள சேர்மத்தை உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் கணக்குப் போட்ட அளவு விழித்திரைக்குப் போகாது, கழுவும்போதும் கசிந்துகொண்டே இருக்கும். டெஃப்லான் குழாய் போடுங்கள். நம்மூர் லேப்களில் ஏர்கான் 22 டிகிரியில் ஓடுகிறது. சூடேற்றியிலிருந்து தொட்டி வரை ஒரு ஜாண் குழாய் இருந்தாலே கரைசல் ஆறிவிடும். வெப்பமானியைத் தொட்டிக்குள் வைத்து 36 டிகிரி காட்டுகிறதா பாருங்கள். ஆறினால் பி அலை தாமதமாகும், சிறுக்கும். மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வெட்ட நாட்ச் ஃபில்டர் போட்டிருந்தால் எடுங்கள், அலையின் வடிவத்தையே கெடுக்கும். கிரவுண்டைச் சரிசெய்யுங்கள்.

உப்புக்கரைசல்:
இத்தனையும் சரிசெய்த பிறகும் பி அலை இறங்கினால் சேர்மம்தான். ஆனால் 'ஆன் பைபோலார் செல்லைத் தடுக்கிறது' என்று உடனே எழுத முடியாது. ஏ அலை குறையவில்லை என்றால் ஒளியுணர் செல் ஒளியை வாங்குகிறது என்று மட்டுமே பொருள். அது குளுட்டமேட்டை (அடுத்த செல்லுக்குச் செய்தி சொல்லும் வேதிப்பொருள்) வெளிவிடுகிறதா என்பதை ஏ அலை சொல்லாது. கால்சியம் வாய்க்காலை அடைக்கும் சேர்மமும் இதே படத்தைத்தான் காட்டும். பிரித்தறிய, பின்னணி வெளிச்சத்தில் கோன்களுக்கு (பகல் வெளிச்சத்தில் வேலை செய்யும் ஒளியுணர் செல்கள்) நீண்ட ஒளி கொடுத்து, அணைக்கும்போது வரும் ஆஃப் பதிலைப் பாருங்கள். அது மறையாமல் இருந்தால் குளுட்டமேட் வருகிறது, தடை ஆன் பாதையில். அதுவும் போனால் சினாப்ஸின் (செல்கள் சேரும் இடத்தின்) முன்பக்கத்தை, அதாவது ஒளியுணர் செல் பக்கத்தைச் சந்தேகியுங்கள். சுண்டெலியில் அந்தப் பதில் சிறியது, நிறையப் பதிவுகளைச் சராசரி எடுக்க வேண்டியிருக்கும்.