சின்க் என்ஜின்: இழுத்த கார்டு பின்னால் தாவுகிறது, சில மாற்றங்கள் வந்து சேர்வதே இல்லை

போர்டுகாரன்:

டாஸ்க் போர்டு ஆப். ஒரே போர்டில் ஒரே நேரத்தில் பத்து இருபது பேர் வேலை செய்வார்கள். சர்வரில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், பிரவுசருக்குள் சேமிக்க இன்டெக்ஸ்டு டிபி. யூசர் எதைத் தொட்டாலும் முதலில் லோக்கலில் மாற்றிவிட்டு, அதே மாற்றத்தை ஒரு க்யூவில் போட்டுப் பின்னணியில் சர்வருக்குத் தள்ளுகிறோம். சர்வர் 200 (வெற்றி) என்று பதில் தந்ததும் க்யூவிலிருந்து எடுத்துவிடுவோம். சர்வர் பக்கம் ஒவ்வொரு மாற்றமும் ஒரு லாக் (பதிவேடு) டேபிளில் தானாக ஏறும் எண்ணோடு பதிவாகும். கிளையன்ட் (யூசரின் பிரவுசர்) தான் கடைசியாகப் பார்த்த எண்ணைச் சொல்லி அதற்கு மேல் உள்ளதைக் கேட்கும். புதுசு வந்திருக்கிறது என்று தட்டி எழுப்ப மட்டும் வெப்சாக்கெட் என்ற திறந்த இணைப்பு.

தொல்லை மூன்று. கார்டை இன்னொரு லிஸ்ட்டுக்கு இழுத்துப் போட்டால் கண்ணிமைக்கும் நேரம் பழைய இடத்துக்கு ஓடிவிட்டுத் திரும்ப வருகிறது. எப்போதாவது ஒருவர் செய்த மாற்றம் இன்னொருவருக்கு வருவதே இல்லை. லோக்கல் டேட்டாவை அழித்து முழுசாக இறக்கினால்தான் தெரிகிறது. அப்புறம், இரண்டு பேர் ஸ்கிரீனிலும் அதே கார்டுகள், ஆனால் வரிசை வேறு.

சிஆர்டிடிக்கு (பலர் ஒரே நேரத்தில் செய்த மாற்றங்கள் தானாக ஒன்றிணையும் டேட்டா அமைப்பு) மாறினால் மூன்றும் தீருமா?

கமிட்_வரிசை:

சிஆர்டிடியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள், நோய் வேறு இடத்தில். வராமல் போகும் மாற்றத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். மூன்றில் அதுதான் மோசம். எரர் ஒன்றுகூட விழாமல் டேட்டா தப்பாகிறது.

தானாக ஏறும் எண், இன்சர்ட் நடக்கும் நொடியிலேயே ஒதுக்கப்பட்டுவிடும். அந்த வரி மற்றவர் கண்ணில் படுவது கமிட் ஆன (உறுதியாகப் பதிவான) பிறகு. இந்த இரண்டு வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. முதல் ட்ரான்ஸாக்ஷன் (ஒரே தொகுப்பாக முடியும் டேட்டாபேஸ் வேலை) 104-ஐ வாங்கிக்கொண்டு இன்னும் ஓடுகிறது. இரண்டாவது 105-ஐ வாங்கி உடனே கமிட் ஆகிறது. அந்த இடைவெளியில் ஒரு கிளையன்ட் வந்து கேட்டால் 105 கிடைக்கும், கர்சரையும் (கடைசியாகப் பார்த்த எண்) 105 என்று குறித்துக்கொள்ளும். அப்புறம்தான் 104 கமிட் ஆகும். 105-க்கு மேல் மட்டுமே கேட்கும் அந்தக் கிளையன்ட்டுக்கு 104 இனி எந்த ஜென்மத்திலும் வராது.

இரண்டு டெர்மினல் திறந்து பார்த்துவிடலாம். ஒன்றில் பிகின், இன்சர்ட், அப்படியே விட்டுவிடுங்கள். மற்றதில் இன்சர்ட், கமிட், செலக்ட். பிறகு முதலாவதை கமிட் செய்யுங்கள்.

எண்ணுக்குப் பதில் மாற்றிய நேரத்தை வைத்தாலும் இதே கதைதான். போஸ்ட்கிரெஸில் 'நவ்' தருவது ட்ரான்ஸாக்ஷன் தொடங்கிய நேரம், கமிட் ஆன நேரம் அல்ல. விட்டுப்போன எண் வரும்வரை காத்திருப்பதும் உதவாது: ரோல்பேக் ஆன (ரத்தான) எண் திரும்ப வராது, எனவே ஓட்டை தற்காலிகமா நிரந்தரமா என்று கிளையன்ட்டால் சொல்ல முடியாது.

உங்கள் அளவுக்கு நான் பரிந்துரைப்பது போர்டுக்கு ஒரு கவுன்ட்டர். போர்டு டேபிளிலேயே வெர்ஷன் என்று ஒரு நெடுவரிசை. அதே ட்ரான்ஸாக்ஷனுக்குள் அதை ஒன்று கூட்டி, வந்த எண்ணை லாக் வரியில் போடுங்கள். அந்த ரோவின் (டேபிள் வரியின்) பூட்டு கமிட் வரை பிடிபட்டிருக்கும், ஆகவே எண் வரிசையும் கமிட் வரிசையும் ஒன்றாகிவிடும். ரோல்பேக் ஆனால் கவுன்ட்டரும் பின்வாங்கும், ஓட்டையே இருக்காது. விலை என்னவென்றால் ஒரே போர்டில் எழுதும் பணிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். பூட்டு 5 மில்லிசெகண்ட் பிடிபட்டால் நொடிக்கு 200 எழுதும் பணி என்பது உச்சவரம்பு. அதனால் மற்ற வேலையெல்லாம் முடித்துக் கடைசியில் கவுன்ட்டரைத் தொடுங்கள். கார்டை ஒரு போர்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும்போது இரண்டு கவுன்ட்டர் வேண்டும். எப்போதும் சின்ன ஐடி முதலில், இல்லாவிட்டால் டெட்லாக் (ஒன்றுக்கொன்று காத்து இரண்டும் நின்றுபோகும்).

லாஜிக்கல் ரெப்ளிகேஷன் (டேட்டாபேஸே தன் மாற்றங்களை வெளியே தருவது) வழியாகவும் போகலாம், அது கமிட் வரிசையிலேயே தரும். ஆனால் படிப்பவன் நின்றுபோனால் வால் (WAL, மாற்றங்களை எழுதிவைக்கும்) ஃபைல்கள் குவிந்து சர்வரின் டிஸ்க் நிரம்பும். போஸ்ட்கிரெஸ் 13 முதல் அதற்கு வரம்பு வைக்கலாம். வரம்பைத் தாண்டினால் ஸ்லாட் (படித்த இடத்தின் குறி) செல்லாததாகி, எல்லாக் கிளையன்ட்டும் முதலிலிருந்து இறக்க நேரும். இருபது பேர் போர்டுக்கு இந்தப் பாரம் தேவையில்லை.

ரீபேஸ்_ராத்திரி:

கார்டு தாவறதுக்குக் காரணம் உங்க கேள்வியிலேயே இருக்கு: 200 வந்ததும் க்யூவிலிருந்து எடுக்கறீங்க.

மெதுவா ஓட்டிப் பாருங்க. ஸ்கிரீன்ல தெரியறது ரெண்டு அடுக்கு: கீழே சர்வர் கடைசியா சொன்ன நிலை, மேலே இன்னும் உறுதியாகாத உங்க மாற்றங்கள். கார்டை நகர்த்தின மாற்றம் 17-ஆம் நம்பர்னு வைங்க. 200 வந்த உடனே 17-ஐத் தூக்கிட்டீங்க. கீழ் அடுக்கு இன்னும் பழசு, அதனால கார்டு பழைய லிஸ்ட்டுக்கு ஓடுது. கொஞ்ச நேரத்துல புல் (சர்வர்கிட்டேருந்து புதுசை இழுக்கறது) வந்து கீழ் அடுக்கு புதுசாகுது, கார்டு திரும்ப வருது. அந்த இடைவெளிதான் நீங்க பாக்கற தாவல்.

200-ஐ 'சேர்ந்துடுச்சு, திரும்ப அனுப்பாதே'ன்னு மட்டும் எடுத்துக்கங்க. க்யூவிலிருந்து எடுக்க வேண்டிய நேரம் புல் பதில் வரும்போது. அந்தப் பதில்ல ரோக்களோட 'உன் கிளையன்ட்டின் மாற்றத்துல 17 வரை பார்த்தாச்சு'ங்கற நம்பரும் வரணும். அது வந்ததும் ஒரே மூச்சுல: மேல் அடுக்கைக் கழட்டு, கீழே புதுசைப் போடு, 17 வரைக்கும் தூக்கு, 18, 19-ஐத் திரும்ப ஓட்டு, கடைசியா ஸ்கிரீன்ல ஒரே ஒரு தடவை வரைஞ்சு காட்டு.

இதுல பலர் சறுக்கற இடம்: ரோக்களும் அந்த நம்பரும் ஒரே ஸ்னாப்ஷாட்ல (ஒரே நொடியின் நிலையில) படிக்கப்படணும். போஸ்ட்கிரெஸோட டிஃபால்ட் ரீட் கமிட்டெட். ஒரே ட்ரான்ஸாக்ஷனுக்குள்ளயே ஒவ்வொரு க்வெரிக்கும் தனி ஸ்னாப்ஷாட். ரோக்களை முதல்ல படிச்சு, நம்பரை அப்புறம் படிச்சா, நடுவுல 17 கமிட் ஆகி, பழைய ரோவும் புது நம்பரும் சேர்ந்து போகும். மறுபடி தாவல், இந்தத் தடவை எப்பவாவது மட்டும், கண்டுபிடிக்கவே முடியாது. புல்லுக்கு ரிப்பீட்டபிள் ரீட் (மொத்த ட்ரான்ஸாக்ஷனுக்கும் ஒரே ஸ்னாப்ஷாட்) போடுங்க.

எழுதற பக்கமும் அப்படித்தான்: மாற்றமும் நம்பரும் ஒரே ட்ரான்ஸாக்ஷன்ல. 17 ரெண்டாவது தடவை வந்தா சத்தமில்லாம விட்டுடுங்க. 18 வர வேண்டிய இடத்துல 19 வந்தா மறுத்துடுங்க. உரிமை இல்லை, கார்டே இல்லைன்னு நிரந்தரமா தோற்கற மாற்றத்துக்கு மாற்றத்தைச் செய்யாம நம்பரை மட்டும் ஏத்துங்க. இல்லன்னா அந்த ஒண்ணு தொண்டையில மாட்டி, பின்னாடி இருக்கற மொத்த க்யூவும் நிக்கும். டேட்டாபேஸ் கிடைக்கலைங்கற மாதிரி தற்காலிகத் தோல்விக்கு நம்பரை ஏத்தாதீங்க.

புது கார்டோட ஐடியை மாற்றத்தைத் திரும்ப ஓட்டற ஃபங்ஷனுக்குள்ள உருவாக்காதீங்க. ஒவ்வொரு ரீபேஸுக்கும் (இப்படித் திரும்ப ஓட்டறதுக்கும்) புது ஐடி பிறக்கும். வெளியில உருவாக்கி, மாற்றத்தோட சேர்த்துக் க்யூவுல வைங்க.

போர்டுகாரன்:

104, 105 சோதனை அப்படியே நடந்தது, நன்றி. புல்லில் க்வெரி இரண்டும் தனித்தனியாகத்தான் இருந்தன. வரிசை விஷயம் மட்டும் புரியவில்லை. இரண்டு கார்டுக்கு நடுவே விழும் ஒரு ஸ்ட்ரிங் சாவியை உருவாக்கி அதை வைத்து அடுக்குகிறோம். அப்புறம், ஒருவரை போர்டிலிருந்து நீக்கினால் அவர் பிரவுசரில் கார்டுகள் அப்படியே இருக்கின்றன.

சாவி_கொத்து:

வரிசைக்கு முதலில் கொலேஷனை (எழுத்துகளை அடுக்கும் விதி) பாருங்கள். ஜாவாஸ்கிரிப்டின் ஸ்ட்ரிங் ஒப்பீடு குறியெண்களைப் பார்க்கிறது, அங்கே பெரிய 'பி' சின்ன 'ஏ'வுக்கு முன்னால். ஆங்கில மொழிக் கொலேஷனில் இருக்கும் போஸ்ட்கிரெஸில் சின்ன 'ஏ' முன்னால். சர்வர் அடுக்கித் தந்ததை ஒருவர் பார்க்கிறார், லோக்கலில் அடுக்கியதை இன்னொருவர் பார்க்கிறார். அந்த நெடுவரிசைக்கு மட்டும் 'சி' கொலேஷன் (குறியெண் வரிசை) கொடுங்கள்.

அதற்கப்புறமும் வேறுபட்டால், இரண்டு பேர் ஒரே இடைவெளியில் கார்டைப் போட்டு ஒரே சாவி பிறந்திருக்கும். அடுக்கும்போது சாவி, பிறகு கார்டு ஐடி என்று இரண்டையும் பாருங்கள். ஆனால் ஒரே சாவியுள்ள இரண்டுக்கு நடுவே மூன்றாவதைப் போட இடமே கிடையாது. அப்போது அவற்றில் ஒன்றுக்கு முதலில் புதுச் சாவி கொடுத்துவிட்டு நடுவில் செருகுங்கள்.

உரிமை நீங்கும்போது கார்டு ரோ எதுவும் மாறுவதில்லை, லாகிலும் எதுவும் விழுவதில்லை, கிளையன்ட்டுக்கு எப்படித் தெரியும்? உறுப்பினர் பட்டியலையே தனியாக ஒரு சின்க் தொகுப்பாக வையுங்கள். அதில் போர்டு மறைந்தால் கிளையன்ட் அந்த போர்டின் கார்டுகளையும் கர்சரையும் சேர்த்தே அழிக்க வேண்டும். கர்சரை விட்டுவைத்தால், நாளைக்கு அவரைத் திரும்பச் சேர்க்கும்போது பாதி போர்டுதான் தெரியும். நீக்கப்பட்டவர் ஆஃப்லைனில் சேர்த்துவைத்த மாற்றங்கள் வந்தால் மேலே சொன்னபடி நம்பரை மட்டும் ஏற்றுங்கள்.

இதே ஜாதி இன்னொன்று: பழைய லாக் வரிகளை ஒருநாள் துடைப்பீர்கள். துடைத்த எல்லைக்கும் கீழே கர்சரோடு வருபவரிடம் முதலிலிருந்து இறக்கச் சொல்லுங்கள். அப்போது கீழ் அடுக்கை மட்டும் அழியுங்கள். க்யூவையும் சேர்த்துத் துடைத்தால் அவர் ஆஃப்லைனில் செய்த வேலை மொத்தமும் போச்சு.

சிஆர்டிடி கேள்விக்கு: கார்டின் விவரணையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் டைப் செய்வார்கள் என்றால் அந்த ஒரு ஃபீல்டுக்கு மட்டும் ஒய்ஜேஎஸ் (Yjs, ஒரு சிஆர்டிடி லைப்ரரி) போடுங்கள். தலைப்பு, லிஸ்ட், பொறுப்பாளர் இவற்றுக்குச் சர்வருக்குக் கடைசியாக வந்தது ஜெயிக்கட்டும், ஃபீல்டு வாரியாக. ஃபிக்மா 2019-இல் தன் கூட்டு எடிட்டிங்கை விளக்கியபோதும் ஏறக்குறைய இதையே சொன்னது: சிஆர்டிடியிலிருந்து யோசனை எடுத்தோம், ஆனால் வரிசையை முடிவு செய்வது சர்வர்.

ரீபேஸ்_ராத்திரி:

ஒண்ணு விட்டுப்போச்சு. ஒரே யூசர் ரெண்டு டேப் திறந்தா ரெண்டும் ஒரே இன்டெக்ஸ்டு டிபி க்யூவைத் தள்ளப் பாக்கும், 17-ஆம் நம்பருக்கு ரெண்டு வேற மாற்றம் பிறக்கும். சர்வர் ரெண்டாவதை டூப்ளிகேட்னு நினைச்சுத் தூக்கிப் போடும். டேப்புக்கு ஒரு கிளையன்ட் ஐடி கொடுங்க, இல்ல வெப் லாக்ஸ் (டேப்களுக்கு நடுவே பூட்டு போடற பிரவுசர் வசதி) வச்சு ஒரே டேப்பை மட்டும் நம்பர் போட விடுங்க.