வளவு குடும்பக் குழு: பிரபு துபாயில் வீடு பார்க்கிறான்

பிரபு (துபாய்): எல்லோருக்கும் வணக்கமுங்க. ஜுமைரா வில்லேஜ் சர்க்கிளில் ஒரு படுக்கையறை வீடு பிடித்துவிட்டது. விலை 12 லட்சம் திர்ஹாம். வங்கி 80 சதவீதம் கடன் தருகிறது. மீதி 2.4 லட்சம். என்னிடம் 2.6 லட்சம் இருக்கிறது. அடுத்த வாரம் ஒப்பந்தம்.

அம்மா (கோபி): ரொம்ப சந்தோஷம் கண்ணு. ஆறு வருடமாக வாடகை கட்டினது போதும்.

கவிதா (துபாய்): பிரபு, இன்னும் கையெழுத்துப் போடவில்லையே? கொஞ்சம் பொறு.

கவிதா: அந்த 20 சதவீதம் வீட்டு விலைக்கு மட்டும். நிலத்துறைக்கு 4 சதவீதம், அதுவே 48,000. தரகருக்கு 2 சதவீதம், வாட் சேர்த்து 25,200. கடனைப் பதிய 0.25 சதவீதம். அப்புறம் வங்கிக் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம். எல்லாம் கூட்டினால் 3.3 லட்சம் கையில் வேண்டும்.

பிரபு: கட்டணத்தையும் கடனோடு சேர்த்துத் தருவார்கள் என்றார்களே அக்கா?

கவிதா: முன்பு தந்தார்கள். 2025 பிப்ரவரியிலிருந்து கிடையாது.

அப்பா (கோபி): அப்போ 70,000 குறைகிறது. நம்ம பணத்தில் 17 லட்சம் பக்கம் வரும். தோப்புப் பத்திரம் பீரோவில் சும்மாதானே இருக்கிறது. நாளைக்கே வங்கிக்குப் போகிறேன்.

பிரபு: வேண்டாமுங்க அப்பா.

அப்பா: நீ பேசாமல் இரு சாமி. எங்களுக்குப் பிறகு அது உனக்குத்தானே.

ராமசாமி மாமா (ஈரோடு): மச்சான், கொஞ்சம் கேளுங்க. நான் முப்பது வருடம் வங்கியில் இருந்தவன். தோப்பை வைத்து வாங்கும் விவசாயக் கடன் தோப்புக்குத்தான். அதை வெளிநாட்டு வீட்டுக்குத் திருப்பக் கூடாது. வெளிநாட்டில் சொத்து வாங்க அனுப்பும் பணத்துக்கு இங்கே எந்த வங்கியும் கடன் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

மாமா: சொந்தச் சேமிப்பை அனுப்பலாம். ஒருவர் ஒரு நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரைக்கும். ஆனால் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் வரி பிடிப்பார்கள். 17 லட்சம் அனுப்பினால் 1.4 லட்சம் பிடித்தம். கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வரும், அதுவரைக்கும் அது முடக்கம்தான்.

அப்பா: சேமிப்பு ஏது மாப்பிள்ளை. போன வருடம்தான் போர் போட்டு, சொட்டு நீர்க் குழாய் எல்லாம் மாற்றினோம்.

கவிதா: பெரியப்பா, தோப்பைத் தொடவே வேண்டாமுங்க. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2022-ல் 11 லட்சத்துக்கு விலை பேசி, 10 சதவீதத்துக்குக் காசோலையும் கொடுத்துவிட்டோம். அதற்குப் பிறகுதான் வங்கி மதிப்பீட்டாளர் வந்தார். அவர் போட்ட மதிப்பு 10.4 லட்சம். விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதில்தான் 80 சதவீதம் தருவார்கள். ஒரே நாளில் 48,000 திர்ஹாம் துண்டு விழுந்தது. பின்வாங்கினால் காசோலைப் பணம் போய்விடும். பத்து நாளில் புரட்டியாக வேண்டும். அம்மா போட்டுவிட்ட ஆரத்தையும் வளையலையும் அடகு வைத்தேன். மீட்க இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடமும் ஊருக்கு வந்தால் கல்யாணம் காட்சிக்குப் போகவே கூசும்.

அம்மா: ஏன் கண்ணு, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

கவிதா: சொல்ல மனசு வரவில்லை பெரியம்மா. அதனால்தான் இப்போது சொல்கிறேன்.

பிரபு: இது எனக்குத் தெரியாதே அக்கா. மதிப்பீடு முடிந்த பிறகு ஒப்பந்தம் போட முடியுமா?

கவிதா: விற்பவரிடம் கேட்டுப் பார். மதிப்பு குறைந்தால் விலகிக்கொள்ளலாம், காசோலை திரும்ப வரும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதச் சொல். ஒப்புக்கொள்ளாதவர் வீடே வேண்டாம். இன்னொன்று, உன்னிடம் எத்தனை கிரெடிட் கார்டு?

பிரபு: மூன்று. பாக்கி எதுவும் இல்லை.

கவிதா: பாக்கி இல்லாவிட்டாலும், கார்டு வரம்பில் 5 சதவீதத்தை மாதக் கடனாக எடுத்துக்கொள்வார்கள். எல்லாத் தவணையும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தேவையில்லாத இரண்டை மூடிவிடு.

அம்மா: மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்? வேலைக்கு ஏதாவது ஆனால்?

பிரபு: 25 வருடத்துக்கு 5,200 பக்கம் வருதுங்க அம்மா. முதல் மூன்று வருடம் ஒரே வட்டி.

மாமா: அப்புறம் சந்தை வட்டியோடு ஏறி இறங்கும். விசா போனாலும் கடன் போகாது. ஆறு மாதத் தவணையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வாங்கு மாப்பிள்ளை.

பிரபு: அப்படிப் பார்த்தால் இந்த வீடு எனக்கு இப்போது எட்டாதுங்க மாமா. தரகரிடம் இந்த வருடம் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். அடுத்த தை வரைக்கும் சேர்க்கிறேன். இல்லையென்றால் ஒன்பது லட்சத்துக்குள் ஒற்றை அறை ஸ்டுடியோ வீடு பார்க்கிறேன்.

அப்பா: நிஜமாகவே தோப்பு வேண்டாமா கண்ணு?

பிரபு: வேண்டாமுங்க அப்பா. பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

கவிதா: ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வா பிரபு. மதிப்பீட்டு அறிக்கை, ஒப்பந்தம் எல்லாம் எடுத்து வைக்கிறேன். உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்க்கலாம்.