மழைக்காலத்தில் ஜூனிபர் போன்சாய்: ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்கிறார்களே, வைக்கலாமா?

ஈசூன்வாசி:

வணக்கம். என்னிடம் மூன்று போன்சாய் (தொட்டியில் வளர்க்கும் குறுமரம்) இருக்கின்றன: ஜூனிபர் (குளிர்நாட்டு ஊசியிலை மரம்), சைனீஸ் எல்ம், வாட்டர் ஜாஸ்மின். சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, எட்டாம் மாடி, வடக்குப் பார்த்த தாழ்வாரம். டிசம்பர் பிறந்ததிலிருந்து மழை பிடித்தால் இரண்டு நாள் விடுவதில்லை. பகலிலேயே 23 டிகிரி. விட்ட மறுநாள் மதியம் 32. ஜூனிபரின் பச்சை மங்கி, உள்பக்கக் கிளைகள் சாம்பல் பூத்தாற்போல் இருக்கின்றன. எல்ம் தினம் நாலைந்து மஞ்சள் இலை உதிர்க்கிறது. வாட்டர் ஜாஸ்மின் நன்றாகவே இருக்கிறது.

இணையத்தில் தேடினால், குளிர்காலத்தில் வெப்பநிலை ஏறி இறங்கினால் போர்த்திப் பாதுகாக்க வேண்டும் என்கிறார்கள். ஜூனிபருக்குக் குளிர்கால உறக்கம் கட்டாயம், வெப்பநாட்டில் இருப்பவர்கள் ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். எதைச் செய்வது? மண் கடையில் வந்ததுதான், கறுப்பாக இருக்கும். ஜூனிபருக்கு மேலே சின்னக் கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

வேர்முடிச்சு:

முதலில் அந்தக் கற்களைப் பெயர்த்து எடுங்கள். முனை மழுங்கிய கத்தியை விளிம்பில் விட்டு நெம்பினால் பாளம் பாளமாக வரும். அவை இருக்கும்வரை மண் ஈரமா காய்ந்ததா என்று தெரியாது, மேல்மண்ணுக்குக் காற்றும் போகாது.

உங்கள் மரத்தைப் படுத்துவது குளிர் அல்ல. சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1934 ஜனவரியில் பாய லேபாரில் 19.4 டிகிரிதான். ஜூனிபருக்கு அது சொகுசு. வாட்டர் ஜாஸ்மினோ ஃபைக்கஸோ (ஆல், அரச மர இனம்) கூட 22 டிகிரிக்கு ஒன்றும் ஆகாது. கெடுப்பது தண்ணீர். இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்து, வெயிலும் இல்லாமல் போனால் இலை நீரை இழுக்காது. மண் காயாது. வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் நுனியிலிருந்து அழுகத் தொடங்கும். பிறகு திடீரென 32 டிகிரி வெயில் வந்து இலை தண்ணீர் கேட்கும்போது, கொடுக்க வேர் இருக்காது. அதனால்தான் மழை நின்ற பிறகு மரம் வாடுகிறது. வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள், கதை முடிந்தது.

போன்சாய்த் தொட்டி ஆழமில்லாதது என்பதால் இந்தத் தொல்லை கூடுதல். சன்னமான மண்ணில் தண்ணீர் முழுதாக வடியாது, அடியிலிருந்து சில செ.மீ. உயரத்துக்கு நின்றுவிடும். ஆழமான தொட்டியில் அது அடிப்பகுதியோடு நின்றுவிடும். 5 செ.மீ. ஆழத் தொட்டியில் பாதி மண் அதிலேயே மூழ்கியிருக்கும்.

இதற்குச் செலவில்லாத வழி, தொட்டியைச் சாய்த்து வைப்பது. 25 செ.மீ. நீளத் தொட்டிக்கு ஒரு முனையின் அடியில் 5 செ.மீ. கட்டை கொடுங்கள். நீர் தங்கும் உயரம் மாறாது, ஆனால் அது தாழ்ந்த மூலையில் ஒரு ஆப்பு வடிவத்துக்குச் சுருங்கிவிடும், மீதி மண்ணுக்குக் காற்று கிடைக்கும். வடிகால் ஓட்டை தாழ்ந்த பக்கம் வர வேண்டும். நடுவில் ஒரே ஓட்டை இருக்கிற தொட்டியில் சாய்த்தால் மூலையில் குளம் கட்டும். அப்படியானால் சாய்க்காதீர்கள், செயற்கை நூல் திரி ஒன்றை ஓட்டை வழியாக மண்ணுக்குள் விரல் ஆழம் செருகி, வெளியே 10 செ.மீ. தொங்க விடுங்கள். சொட்டிக்கொண்டே இருக்கும்.

தட்டுகளை எடுத்துவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் போதும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தார் வீட்டுக்கு வந்தால் முதலில் பார்ப்பது பூந்தொட்டித் தட்டைத்தான்.

தண்ணீர் ஊற்றும் முன் மூங்கில் குச்சியை அடிவரை செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். கீழ்ப்பாதி கறுத்து ஈரமாக வந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். மூன்று மரத்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

கூதிர்:

ஃப்ரிட்ஜ் பற்றி: வேண்டாம்.

குளிர் நாட்டு மரம் ஒரே நாளில் உறங்கிவிடாது. பகல் குறுகக் குறுக, இரவு வாரக்கணக்கில் குளிரக் குளிர, மெல்ல மெல்லத் தன்னைத் தயார் செய்துகொள்ளும். இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் பத்து நிமிட வித்தியாசம்கூட இல்லை. மரத்துக்கு எந்த அறிகுறியும் போவதில்லை. 30 டிகிரியில் வளர்ந்துகொண்டிருப்பதைத் தூக்கி 4 டிகிரி இருட்டில் வைத்தால் அது உறக்கமல்ல, அதிர்ச்சி. அதோடு ஃப்ரிட்ஜ் காற்று வறண்டது, பக்கத்தில் ஆப்பிளோ வாழைப்பழமோ இருந்தால் அவை விடும் எத்திலீன் வாயு வேறு இலையைக் கெடுக்கும்.

நீங்கள் படித்த குறிப்புகள் கனடா, கொரியா போன்ற இடங்களுக்கு எழுதப்பட்டவை, அங்கே அவை சரி. அங்கே கிளையைவிட வேருக்குத்தான் ஆபத்து. மைனஸ் 20ஐத் தாங்கும் கிளை உள்ள மரத்துக்கே, தொட்டியில் இருக்கும் வேர் மைனஸ் 10ஐ நெருங்கும்போதே சாகக்கூடும். தரையில் நட்ட மரத்துக்குப் பூமியின் வெப்பம் துணை, தொட்டிக்கு நாலு பக்கமும் குளிர். அதனால் தொட்டியைத் தரையில் இறக்கி விளிம்புவரை மரப்பட்டைத் தூளால் மூடுவார்கள், அல்லது சூடேற்றாத கராஜில் 0 முதல் 7 டிகிரிக்குள் வைப்பார்கள். ஏற்ற இறக்கத்தில் வரும் கேடு இரண்டு. பிப்ரவரியில் ஒரு வாரம் இதமாக இருந்தால் மொட்டு ஏமாந்து விரியும், அடுத்த உறைபனியில் கருகும். மண் உறைந்திருக்கும்போது வெயிலும் காற்றும் அடித்தால் ஊசியிலை நீரை இழக்கும், வேரால் ஈடுகட்ட முடியாது. வெளியே கொட்டும் பனி, மரம் சாவதோ தாகத்தில்.

உறக்கம் இல்லாமல் ஜப்பானிய மேப்பிள், லார்ச் போன்ற குளிர்நாட்டு மரங்கள் எல்லாம் இங்கே நாளடைவில் தேய்ந்துபோகும். சைனீஸ் எல்ம் உறங்காமலே வாழும். ஜூனிபர் நடுவில் நிற்கிறது: முழு வெயிலும் வடியும் மண்ணும் இருந்தால் ஓடும், இரண்டில் ஒன்று குறைந்தாலும் தள்ளாடும்.

ஈசூன்வாசி:

நன்றி. இரண்டு சந்தேகம். மழை படாமல் மேலே பிளாஸ்டிக் கட்டலாமா? மண்ணை இப்போதே மாற்றிவிடலாமா?

தொட்டிமண்:

பிளாஸ்டிக் மேலே மட்டும், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். மரத்தின் உச்சிக்கும் தாளுக்கும் இரண்டு சாண் இடைவெளி வேண்டும். சுற்றி மூடினால் வெயில் எட்டிப் பார்த்ததுமே உள்ளே வெந்துவிடும், பூஞ்சையும் வரும். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும், மதில்மேல் தொட்டி கூடவே கூடாது. மழைக்காற்றில் எட்டாம் மாடியிலிருந்து ஒரு தொட்டி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மண்: எல்முக்கு இப்போதே மாற்றலாம், இங்கே அதன் வேர் ஆண்டு முழுவதும் வளரும். வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். பர்ன்ட் எர்த் (சுட்ட களிமண்) இரண்டு பங்கு, பியூமிஸ் (நுரைக்கல்) ஒரு பங்கு, 3 முதல் 6 மி.மீ. குருணை. 2 மி.மீ.க்குக் கீழே உள்ள தூளைச் சலித்துக் கொட்டிவிடுங்கள், அதைச் சோம்பலில் விட்டால் மற்றதெல்லாம் வீண். அகடாமா (ஜப்பானியக் களிமண் குருணை) விலையும் அதிகம், நம் மழையில் சீக்கிரம் கரைந்து சேறாகிறது. வாட்டர் ஜாஸ்மின் நன்றாக இருக்கும்போது கை வைக்காதீர்கள்.

ஜூனிபரை இப்போது வேர் வெட்டி மாற்ற வேண்டாம். தொட்டியிலிருந்து மெல்ல உருவி முகர்ந்து பாருங்கள். மண்வாசனை என்றால் அப்படியே திரும்ப வையுங்கள். புளித்த நாற்றமும், இழுத்தால் தோல் உரிந்து நார் மட்டும் நிற்கும் வேரும் இருந்தால் அந்த வேரை மட்டும் வெட்டி, வேர்ப்பந்தைக் கலைக்காமல் சுற்றிலும் குருணை நிரப்பி, கம்பியால் அசையாமல் கட்டுங்கள். உரக் கட்டி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜூனிபர் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாக இருக்கும். நுனியில் வெளிர்பச்சைத் தளிர் வருகிறதா என்று பாருங்கள், அதுதான் நம்பத்தக்க அடையாளம். உள்பக்கச் சாம்பல் நிறத்துக்குச் சிலந்திப்பூச்சியும் காரணமாக இருக்கலாம். வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள், விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். தண்ணீரை அடிப்பக்கமாக வேகமாகப் பீய்ச்சி, மூன்று நாளுக்கு ஒருமுறை என இரண்டு வாரம் செய்யுங்கள்.

வேர்முடிச்சு:

வடக்குப் பார்த்த தாழ்வாரம் என்பதை யாரும் தொடவில்லையே. டிசம்பர், ஜனவரியில் சூரியன் நமக்குத் தெற்கே போகிறது, உச்சியிலும் 65 டிகிரி உயரம்தான். வடக்குத் தாழ்வாரத்தில் மார்ச் கடைசி வரை நேர் வெயில் ஒரு துளி விழாது. உள்கிளை காய்வதற்கு இதுவே போதும். தெற்கு ஜன்னல் இருந்தால் உள்பக்கமாக, ஜன்னலைத் திறந்து வைத்து ஜூனிபரை அங்கே மாற்றுங்கள். இல்லையென்றால் வெள்ளை எல்இடி வளர்ப்பு விளக்கு, மரத்துக்கு மேலே 25 செ.மீ. உயரத்தில், தினம் 14 மணி நேரம். எல்மும் ஜாஸ்மினும் அது இல்லாமலே தாக்குப்பிடிக்கும்.

பிப்ரவரியில் மழை குறைந்து வறண்ட காற்று வீசும். ஈர நாட்களில் நிழலில் துளிர்த்த இலை மெல்லியது, ஒரே மதிய வெயிலில் விளிம்பு கருகும். வெளியே கொண்டுபோனால் முதல் நாலு நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு நாலு நாளுக்கு ஒரு மணி நேரமாகக் கூட்டுங்கள். சாய்த்த தொட்டியை அதற்குள் நேராக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் உயர்ந்த பக்கத்து வேர் காய்ந்துவிடும். சின்னத் தொட்டிகளுக்கு அப்போது காலை, மாலை இரு வேளையும் தண்ணீர் தேவைப்படும், குச்சி பார்த்துத்தான்.