மறு: 'தொடுகவி' என்று வைக்கலாமா?

> "ஊடாட்டக் காட்சிக்கவிதை" என்றே இருக்கட்டுமே. பொருள் தெளிவாக இருக்கிறது.

வணக்கம். வாசகர் சுட்டியாலோ விசையாலோ தொட்டால் மாறும் இணையக் கவிதைக்குத் தமிழில் பெயர் தேடுகிறோம்.

தெளிவுதான். ஆய்வேட்டுத் தலைப்புக்குப் பொருந்தும், வாயில் நிற்காது. 'காட்சிக்கவிதை'யை 1918இல் வந்த, பிரெஞ்சுக் கவிஞர் அப்போலினேரின் 'காலிகிராம்'களுக்கு, அதாவது எழுத்துகளையே படமாக அடுக்கிய கவிதைகளுக்கு, வைத்துக்கொள்வோம். அவருடைய மழைக்கவிதையில் எழுத்துகள் சாய்ந்த தாரையாக இறங்குகின்றன. வாசகர் பார்த்தால் போதும். நாம் பெயர் தேடும் வகையில் அந்தத் தாரையைச் சுட்டியால் விலக்கினால்தான் அடியில் இருக்கும் வரி தெரியும். கை வைக்காதவருக்குப் பாதிக் கவிதைதான்.

> சித்திரகவி இருக்க, புதுச்சொல் எதற்கு?

இந்த வாதத்துக்கு வலு உண்டு. சித்திரகவி, எழுத்துகளை ஒரு கட்டுக்குள் அமைத்துப் பாடும் பழைய செய்யுள் வகை. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் அக்கரச்சுதகத்தையே பாருங்கள்: எழுத்தை நீக்க நீக்க வேறு சொல், வேறு பொருள். அதை இன்று ஒரு பக்கமாகச் செய்தால், 'குதிரை'யின் முதலெழுத்தைச் சொடுக்கியதும் 'திரை' நிற்கும். நடுவெழுத்தைச் சொடுக்கினால் 'குரை'. சொடுக்குக்கென்றே பிறந்த வடிவம்! ஆனால் சித்திரகவிக்கு யாப்பும் எழுத்துக்கட்டும் உயிர். கண்டபடி எழுத்துகள் ஓடி விளையாடும் பக்கத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டினால் இலக்கணம் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். நியாயமும் அவர்கள் பக்கம்தான்.

இன்னொரு பெயரான 'ஆடுகவி' அழகான வினைத்தொகை. இணையத்தில் தேடப்போனால் மேய்ச்சல் நிலத்தில் போய் நிற்போமோ என்றுதான் பயம்.

என் ஓட்டு 'தொடுகவி'க்கு. தொடுதல், தொடுத்தல் இரண்டுக்கும் அது இடம் தருகிறது. விசைப்பலகையால் இயக்கும் கவிதை இதில் சேருமா என்று கேட்டிருந்தீர்கள். விசையையும் தொடத்தானே வேண்டும்?

அடுத்த சொல்: வார்ப்புரு (டெம்ப்ளேட்) இல்லாமல் நிரலைக் கையாலேயே எழுதிய பக்கத்துக்குக் 'கைவினைப் பக்கம்'. இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என நினைக்கிறேன்.

இன்னொரு சொல்லும் கையோடு வேண்டும். இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் 'குதிரை'யை வெறுமனே பிரித்தால் மூன்றெழுத்து ஆறு துண்டாகிறது. ககரம் ஒரு பக்கம் விழ, உகரக்குறி புள்ளிவட்டத்தோடு தனியே தொங்கும். அம்மொழியிலேயே உள்ள, சொல்லை முழு எழுத்துகளாகப் பிரிக்கும் செக்மென்டர் என்ற கருவியைக் கொண்டு பிரித்தால் மூன்றாகவே வரும். முழுதாக வருவதற்கு 'எழுத்து' போதும், தமிழில் அதுதானே எழுத்து. உடைந்து வரும் துண்டுக்குக் 'குறியலகு' என்கிறேன்.

பிடிக்காதவர்கள் மாற்றுச்சொல்லோடு வாருங்கள். வெறும் 'ஒட்டவில்லை' கணக்கில் வராது.