ஊரணிக்கரையில நடைபாதை, சைக்கிள் பாதை போட்டா ஊருக்கு என்ன லாபம்?

செக்காலைக்காரன்:
வணக்கம் மக்களே, நான் காரைக்குடி. எங்க தெருவுக்குப் பின்னாடி ஒரு ஊரணி, அதுக்கு தண்ணி வர்ற வரத்துக்கால் ஒன்னு, ரெண்டு பக்கமும் இப்ப கருவேலமும் பிளாஸ்டிக்கும்தான். அத சுத்தம் பண்ணி கரையோரமா மரம் வச்சு, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் மட்டும் ஒரு பாதை கேட்டு நாங்க பத்து பேர் மனு எழுதிக்கிட்டு இருக்கோம், ஸ்கூல் வரைக்கும் இழுத்தா ஒன்றரை கிலோமீட்டர் வரும். தெரு மீட்டிங்ல ஒரு பெரியவர் எந்திரிச்சு "நாலு பேர் தொப்பை குறைக்கறதுக்கு ஊர் காசா?"ன்னுட்டாரு, எல்லாரும் சிரிச்சுட்டாங்க, எனக்கு பதில் வரல. நெசமாவே ஒரு டவுனுக்கு இதால என்ன பிரயோஜனம்? ஞாயித்துக்கிழமை மறுபடி மீட்டிங் இருக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோவைல குப்பகொட்டுறவன்:
தொப்பை விஷயமே சின்னது இல்ல பாஸ். பெரியவங்க வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பு அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, தினம் அரை மணி நேரம்னு அஞ்சு நாள் நடந்தா முடிஞ்சுது, சுகர் பிபி ரெண்டுக்கும் நல்லது. 2023 நவம்பர்ல நம்ம கவர்மெண்டே எல்லா மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டர் நடைக்குன்னு ரூட் ஒதுக்குச்சு, அப்ப இது நாலு பேர் சமாச்சாரமா? இங்க உக்கடம் பெரியகுளத்துக் கரையில ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல நடைபாதை, சைக்கிள் பாதை போட்டாங்க, சாயங்காலம் வந்து பாருங்க, நடக்கறவன விட சும்மா உக்காந்து சுண்டல் திங்கறவன்தான் ஜாஸ்தி, நானும் அதுல ஒருத்தன். ஆனா அந்தக் கூட்டம்தான் காவல். பத்து பேர் பாக்குற எடத்துல எவனும் ஆட்டோல கட்டட இடிபாட கொண்டாந்து கொட்ட மாட்டான்.

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, பெரியவர்கிட்ட பிள்ளைகளப் பத்தி சொல்லுங்க. ப்ளஸ் ஒன் படிக்கிற கவர்மெண்ட் ஸ்கூல் பிள்ளைகளுக்கு இலவசமா சைக்கிள் குடுக்குறாக, சரி, அத எங்க ஓட்டும்? மெயின் ரோட்டுல ஒரு பக்கம் பஸ், ஒரு பக்கம் டிப்பர் லாரி. எங்க அண்ணன் பேத்திக்கு வந்த சைக்கிள் வளவுலயே நிக்கிது, அவுக அப்பா தெனம் பைக்ல கொண்டுபோய் விட்டுட்டு வர்றாரு, பெட்ரோலும் போச்சு, அவரு காலை நேரமும் போச்சு. பைக் இல்லாத வீட்டுக்காரவுகளுக்கு, வயசானவுகளுக்கு, இதுகளுக்குத்தான் இந்தப் பாதை, தொப்பைக்காரவுக சும்மா ஒட்டிக்கிட்டு வரட்டும். தைப்பூசத்துக்கு காவடியோட பழனி வரைக்கும் நடக்குற ஊரு இது, பஜார் வரைக்கும் நடக்கத்தான் பயமா இருக்கு! இன்னொன்னு, லைட்டு. ஆறரை மணிக்கு மேல இருட்டுனா பொம்பளைக ஒருத்தி வரமாட்டா.

சொறிக்கல்:
ஆச்சி சொன்னதுதான் மெயின் பாயிண்ட். இங்கிலாந்துல பிரிஸ்டல்ல இருந்து பாத் வரைக்கும் மூடிப்போன ரயில் லைன் மேலயே 13 மைல் பாதை போட்டாங்க, ஆரம்பிச்சது 1979, முடிய 1986 ஆச்சு. வேலைக்கும் ஸ்கூலுக்கும் அதுலயே போறாங்க, ஏன்னா அது ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்குப் போகுது. உங்க பாதை ஊரணிய மட்டும் சுத்துனா அது பார்க், அதனால அந்த ஸ்கூல் வரைக்கும் போறத மட்டும் எவன் சொன்னாலும் வெட்ட விடாதீங்க.

சிவில் படிச்சவன்ங்கிறதால ஒரு எச்சரிக்கை. அழகுபடுத்துறோம்னு வரத்துக்காலுக்கு அடியிலயும் பக்கத்துலயும் கான்கிரீட் போட்ருவாங்க, கரைய உசத்தி பேவர் பிளாக் பதிச்சு மழைத்தண்ணி உள்ள வர்ற வழியவே அடைச்சிருவாங்க. நம்ம பூமி வானம் பாத்த பூமி, தெருத்தண்ணி, கூரைத்தண்ணி எல்லாம் ஊரணிக்குப் போகணும்னு கணக்குப் போட்டு ஊர் கட்டுனவங்க நம்ம முன்னோர். பாதை குறுக்க போற எடத்துல எல்லாம் குழாயோ சின்ன பாலமோ கேளுங்க. தரைக்கு நல்லா இடிச்ச கிராவல் போதும், பேவர் பிளாக் சித்திரை வெயில்ல கொதிக்கும். நாவல், புங்கன், மருதம் வைங்க. சொல்லப்போனா எனக்கு இதுல பெரிய லாபமா தெரியறது வரத்துக்கால்தான், ஜனம் நடக்குற பாதைன்னு ஆயிட்டா அத எவனும் சத்தமில்லாம வளைச்சுப் போட முடியாது.

டூரிஸ்ட் வருவான்னும் சேத்துக்கலாம், செட்டிநாட்டு ஊர்கள் 2014ல இருந்தே யுனெஸ்கோவோட உலக பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியல்ல இருக்கு, கானாடுகாத்தான்ல வெள்ளக்காரன் சைக்கிள்ல சுத்துறத பாத்திருப்பீங்க. ஆனா அத முதல்ல சொன்னா பெரியவர் இன்னும் சிரிப்பாரு.

செக்காலைக்காரன்:
ரொம்ப நன்றி ண்ணே, ஆச்சி. மனுவுல முதல் வரியே "பொதுமக்கள் நடைப்பயிற்சிக்காக"ன்னு இருந்துச்சு, அடிச்சுட்டேன். இப்ப ஸ்கூல் பிள்ளைக, அப்புறம் வரத்துக்கால், கடைசியில நடை. ஒரு சந்தேகம், சைக்கிள் நுழையற சந்துல பைக்கும் நுழையுமே, அத எப்படி தடுக்கறது?

சொறிக்கல்:
முழுசா தடுக்க முடியாது தம்பி. கல்லு ஊனலாம், ஆனா நெருக்கமா ஊனுனா வீல்சேர் போகாது. வளைச்சு வளைச்சு திரும்பற மாதிரி இரும்பு கேட் வச்சா பைக்காரனுக்கு சலிப்பு தட்டும். மிச்சத்துக்கு அந்தப் பெரியவரையே கமிட்டில போடுங்க.